மேசைமேல் போர்க்களம் – 9: ஓர் அங்குலம் எத்தனை அடி?

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் வீட்டு நிலவறையில் ஒரு மணல் மேசை இருந்தது. மணலைக் கூட்டினால் குன்று, வழித்தால் ஆற்றுப்படுகை. இடைக்கால ஐரோப்பாவின் வேல்வீரர்களும் குதிரைவீரர்களும் பொம்மைகளாக அதன்மேல் அணிவகுத்தார்கள். அந்த ஆட்டத்தின் விதிகளைக் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் தொகுத்து, 1971இல் ‘செயின்மெயில்’ என்ற சிறு நூலாகக் கொண்டுவந்தார்கள். முழுக்கவசம் பூண்ட காலாள் ஒரு முறைக்கு 6 அங்குலம் நகரலாம். கவசம் குறைந்தவன் 9 அங்குலம். இலகு குதிரைப்படை 24 அங்குலம். எதிரியை எட்ட முடியுமா என்று சந்தேகம் வந்தால் அளவுகோலை மணல்மேல் வைத்துப் பார்க்கலாம். கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

மேசைமேல் உள்ள ஓர் அங்குலம், களத்தில் 10 கஜம். அதாவது 30 அடி. ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். ஒரு முறை என்பது போரில் ஒரு நிமிடம். இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அந்த மேசையில் புழங்கிய பொம்மைகளில் 40 மில்லிமீட்டர் உயரமானவை உண்டு; ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். தரையின் கணக்கைப் பொம்மைக்கும் போட்டால் ஒவ்வொரு வீரனும் 45 அடிக்கு மேல் உயர்ந்த பூதமாகிவிடுவான். படைப்போர் ஆடுபவர்களை இது உறுத்தவில்லை. அங்கே பொம்மை தனியாள் அல்ல, ஓர் அணி நிற்கும் இடத்தின் அடையாளம். தரைக்கு ஓர் அளவு, உருவத்துக்கு ஓர் அளவு என்பது அந்தக் கலையில் பழகிப்போன ஏற்பாடு.

இத்தொடரின் முந்தைய பகுதிகளில் வந்த பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ், 1824இல் 1:8000 அளவுள்ள வரைபடத்தின்மேல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் படைகளை நகர்த்தினார். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் தன் ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் காலாளுக்கு ஓர் அடி, குதிரைக்கு இரண்டு அடி என்று வீட்டுத் தரையிலேயே அளந்தார். காலமும் அளவும் வேறுவேறு. ஆனால் செயின்மெயில் வரை எல்லோருக்கும் ஒன்று பொதுவாக இருந்தது. தூரம் என்பது எல்லோர் கண்முன்னும் கிடந்தது. யாரும் குனிந்து அளக்கலாம்.

களம் மேசையை விட்டு வெளியேறியபோதுதான் சிக்கல் தொடங்கியது.

அந்த வெளியேற்றம் மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் நடந்தது. டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், சார்ல்ஸ் டோட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880இல் எழுதிய ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்ற போர்விளையாட்டு நூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்தார். ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், முடியுமா என்பதை நடுவர் தீர்மானிப்பார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1969இல் அவர் நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு படைக்கு மாறாக ஒரே ஓர் ஆளாக இருந்தார்கள். அதில் ஆடிய டேவ் ஆர்னெசன், 1971 முதல் ‘பிளாக்மூர்’ என்ற தன் கற்பனை நாட்டில் ஆட்டக்காரர்களைக் கோட்டைக்கு அடியில் உள்ள சுரங்க வழிகளுக்குள் இறக்கினார். சுரங்கத்தின் வரைபடம் நடுவரின் தாளில் மட்டுமே இருந்தது. மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். “வடக்கே 30 அடி போனால் ஒரு கதவு” என்று நடுவர் சொல்ல, அவர்கள் தங்கள் தாளில் கோடு கிழித்துக்கொண்டார்கள். அளவுகோல் வைக்க மேசையில் எதுவும் இல்லை.

ஆர்னெசனின் இந்த ஆட்டமும் கைகாக்ஸின் செயின்மெயிலும் சேர்ந்து பிறந்ததுதான் 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சில் 1000 பிரதிகள். பொம்மைகள் இருந்தால் அழகு, இல்லாமலும் ஆடலாம் என்றது புத்தகம். ஆனால் பெரும்பாலான தூரங்களை அங்குலத்திலேயே கொடுத்திருந்தது. மேசை போய்விட்டது, அதன் அங்குலம் மட்டும் பக்கங்களில் தங்கிவிட்டது. இந்த விளையாட்டின் அடுத்த 50 ஆண்டுகாலத் தூர விதிகளை, உரிமையாளன் இல்லாத அந்த அங்குலத்தை என்ன செய்வது என்ற ஒரே கேள்வியின் பல விடைகளாகவே படிக்கலாம்.

1974இன் விடை இது: நிலத்தடியில் ஓர் அங்குலம் என்பது 10 அடி, திறந்த வெளியில் அதே அங்குலம் 10 கஜம். வீரன் சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் அவன் அம்பு மூன்று மடங்கு தூரம் பாயும். நிலவறையில் கூரை தாழ்வு, வெளிச்சம் குறைவு, அம்பை உயர்த்தி எய்ய வழியில்லை என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம்; பின்னாளில் சொல்லவும் பட்டது. ஆனால் நெருப்புக்கு என்ன நியாயம்?

‘ஃபயர்பால்’ என்ற மந்திரத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. செயின்மெயிலின் கற்பனைப் பிற்சேர்க்கையில் அது கவண்பொறி எறியும் கல்லின் இடத்தில் வைக்கப்பட்ட ஆயுதம். மந்திரவாதியின் விரலிலிருந்து கிளம்பி, தொலைவில் வெடிக்கும் நெருப்புக்கோளம். 1974 புத்தகத்தில் அதன் ஆரம் 2 அங்குலம். நிலவறையில் 20 அடி. வெளியே 20 கஜம், அதாவது 60 அடி. ஆரம் மூன்று மடங்கானால் எரியும் பரப்பு ஒன்பது மடங்கு. ஒரே மந்திரம், ஒரே மந்திரவாதி. வாசலைத் தாண்டி வந்ததற்காக ஒரு படையையே எரித்துவிடுவான்.

1978இல் ‘அட்வான்ஸ்டு’ பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டை எழுதிய கைகாக்ஸ் இதை நேராக எதிர்கொண்டார். வீச்சுத்தூரம் மட்டுமே வெளியில் கஜமாக மாறும், மந்திரம் பரவும் பரப்பு எங்கேயும் அடிக்கணக்குதான் என்று விதி எழுதினார். ஆனால் ஃபயர்பால் விதியில் இன்னொன்றும் இருந்தது. அது ஒடுங்கிய இடத்தில் வெடித்தால் கோளமாக நில்லாது. இடத்தின் வடிவத்துக்கு ஏற்ப வழிந்தோடி, தன் முழுக் கன அளவையும் நிரப்பும். அந்தக் கன அளவு சுமார் 33,000 கன அடி என்றது கையேடு. 20 அடி ஆரமுள்ள கோளத்தின் கன அளவைக் கணக்கிட்டால் 33,510 கன அடி வரும், கணக்கு சரிதான். இப்போது 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு சுரங்கப் பாதையில் அதை வெடிக்க வைத்தால் நெருப்பு 330 அடி நீளத்துக்கு ஓடும். இருபுறமும் 165 அடி. எறிந்தவரும் அவர் தோழர்களும் அதற்குள் அகப்பட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு முறை அந்த மந்திரத்தைச் சொல்லும்போதும், மேசையில் யாரோ ஒருவர் அறையின் நீள அகல உயரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் இது அந்தக் காலத்தின் பெரிய நேர்மை. படம் இல்லாத களத்தில் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியவை எண்கள் மட்டுமே. அந்த எண்களின் விளைவு எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் ஏற்பது என்ற ஒப்பந்தம் அதில் இருந்தது.

காலக் கணக்கில் அந்த நேர்மை அவ்வளவு தெளிவாக இல்லை. படைப்போரின் ஒரு நிமிடச் சுற்றை ‘அட்வான்ஸ்டு’ பதிப்பும் வைத்துக்கொண்டது. கவசமில்லாத ஆளின் நகர்வு 12 அங்குலம். நிலவறைச் சண்டையில் அது ஒரு நிமிடத்துக்கு 120 அடி. மணிக்கு 3 மைல் வேகத்தில் சாவகாசமாக நடப்பவர்கூட ஒரு நிமிடத்தில் 264 அடி போய்விடுவார். உயிருக்குப் போராடும் வீரன் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. தூர விதி எழுதும் எவரும் உடனே கற்றுக்கொள்ளும் பாடம் இது: அடியைத் தனியாக எழுத முடியாது, எத்தனை நொடியில் என்று சேர்த்தே எழுத வேண்டும். நரம்பியல் மருத்துவரான எரிக் ஹோம்ஸ் 1977இல் தொடக்கநிலைப் பதிப்பைத் தொகுத்தபோது சுற்றை 10 நொடியாகச் சுருக்கினார். 1981இல் டாம் மோல்ட்வே அதே 10 நொடிக்கு 40 அடி என்று வைத்தார். நொடிக்கு 4 அடி. மனிதன் நடக்கும் வேகம். நகர்வு முதன்முறையாக ஆட்டக்காரரின் சொந்த உடல் அனுபவத்தோடு பொருந்தியது.

‘அட்வான்ஸ்டு’ கையேட்டில் ஆயுதத்துக்கு வேண்டிய இடமும் பட்டியலிடப்பட்டிருந்தது. இரு கைகளால் வீசும் பெருவாளுக்கு 6 அடி. குத்தீட்டிக்கு 1 அடி போதும். சண்டையை விட்டுத் திரும்பி ஓடுபவர்மேல் எதிரி முதுகுப்புறமாகத் தாக்கலாம் என்ற விதியும் 1979 நடுவர் நூலில் இருந்தது. அந்தச் சிறு விதி பின்னால் பெரிதாக வளரப்போகிறது.

இதற்கிடையே, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நிழலில் ஆடத் தொடங்கிய சிலர் அங்குலத்தையே தூக்கிப்போட்டார்கள். 1977, 1978 ஆகிய இரண்டே ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு வழிகள் பிறந்தன.

முதல் வழி, மேசைக்கே திரும்புவது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரிலிருந்து 1977இல் வெளிவந்த ‘மெலே’ என்ற சிறு ஆட்டத்தில் ஸ்டீவ் ஜாக்சன் அறுகோணக் கட்டங்களை விரித்தார். அவலான் ஹில் நிறுவனத்தின் போர்ப்பலகைகளில் 1960களில் வேரூன்றிய வடிவம் அது. ஆறு பக்கமும் சம தூரம் என்பதால் மூலைவிட்டத் தகராறு கிடையாது. அவர் முக்கியமாக்கியது, முகம். ஒவ்வொரு வீரனும் ஒரு திசையைப் பார்த்து நின்றான். எதிரியின் முன்கட்டத்தில் கால் வைத்தால் அவனோடு பிணைந்துவிட்டதாகப் பொருள். பிறகு நினைத்தபடி ஓட முடியாது. பக்கத்திலிருந்து தாக்கினால் கூடுதல் பலன், பின்னாலிருந்து தாக்கினால் இன்னும் கூடுதல். அதே ஜாக்சன் 1986இல் ‘கர்ப்ஸ்’ ஆட்டத்தில் ஒரு கட்டம் ஒரு கஜம், ஒரு முறை ஒரு நொடி என்ற அளவுக்குக் கூர்மையாக்கினார். கைகாக்ஸின் ஒரு நிமிடச் சுற்றில் இப்படி 60 முறை அடங்கும்.

இரண்டாம் வழி, தூரத்தைக் காலமாக மாற்றுவது. ஸ்டீவ் பெரின் 1978இல் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’டில் சுற்றுக்கு 12 நொடி. அதற்குள் யார் எப்போது அடிப்பார் என்பதில் ஆயுதத்தின் நீளமும் சேர்ந்தது. ஈட்டிக்காரன் குத்துவாள்காரனுக்கு முன்பே அடிப்பான். காரணம் அவன் எட்டம் அதிகம். பெரின், சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் என்ற இடைக்காலப் போர்க்கலை ஆர்வலர் சங்கத்தில் ஆரம்பகாலம் முதல் இருந்தவர். கவசம் போட்டு, தடியேந்தி, உண்மையான ஆட்களோடு மோதியவர். சண்டையில் இரண்டு சாண் நீளம் என்பது வரைபடத்தில் தெரியாது, முந்திக்கொள்ளும் கணத்தில்தான் தெரியும் என்பது அப்படிப்பட்டவரிடமிருந்து வரக்கூடிய விதி.

மூன்றாம் வழிதான் மிகத் துணிச்சலானது. இலினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் இயங்கிய ஜிடிடபிள்யூ நிறுவனத்துக்காக மார்க் மில்லர் 1977இல் ‘டிராவலர்’ என்ற விண்வெளி ஆட்டத்தை எழுதினார். அதில் கட்டமும் இல்லை, அங்குலமும் இல்லை. கோடு போட்ட சாதாரணத் தாள் ஒன்று போதும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 25 மீட்டர். ஒரு சுற்று 15 நொடி. நடந்தால் ஒரு பட்டை, ஓடினால் இரண்டு. துப்பாக்கிக்குத் தூரங்கள் ஐந்தே: உடலோடு உடல், கிட்டம், நடுத்தரம், தொலைவு, நெடுந்தொலைவு. கடைசி வகை 500 மீட்டரில் முடிந்துவிடும்.

மில்லர் செய்தது இரண்டு பரிமாணக் களத்தை ஒற்றைக் கோடாக மடித்தது. பக்கவாட்டில் சுற்றி வளைப்பது அந்தக் கோட்டில் காணாமல்போகும். வாள்சண்டைக்கு இது பெரிய இழப்பு. துப்பாக்கிச் சண்டைக்கு அப்படியல்ல. ஷாட்கன் ஏந்தியவனுக்கும் ரைஃபிள் ஏந்தியவனுக்கும் இடையிலான முழுப் போராட்டமும், ஒருவன் நெருங்கத் துடிப்பதும் மற்றவன் விலகத் துடிப்பதும்தானே? அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மில்லர் விட்டுவிட்டார். எதை அளக்க வேண்டும் என்பதை ஆயுதத்தைப் பார்த்து முடிவுசெய்த முதல் சில வடிவமைப்பாளர்களில் அவருக்கு இடம் உண்டு. அதற்குரிய பெயர் அவருக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை.

1984இல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனமே ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ ஆட்டத்தில் நகரத் தெருக்களைப் பெரிய பகுதிகளாகப் பிரித்து, நகர்வைப் பகுதிக்கணக்கில் வைத்தது. கட்டடங்களுக்கு மேல் பறப்பவர்களுக்கு அடிக்கணக்கு எதற்கு?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மட்டும் எதிர்த்திசையில் போனது. 1995இல் ரிச்சர்ட் பேக்கரும் ஸ்கிப் வில்லியம்ஸும் எழுதிய ‘காம்பாட் அண்ட் டாக்டிக்ஸ்’ துணைநூல், 5 அடிச் சதுரக் கட்டங்களை மேசைமேல் விரித்தது. அதில் வேர்விட்ட பல எண்ணங்கள் 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் ஆட்டத்தின் மையத்துக்கே வந்தன. ஜானதன் ட்வீட், மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் வடிவமைத்த பதிப்பு அது. சுற்று 6 நொடி. சாதாரண மனிதனின் நகர்வு 30 அடி. மேசையில் ஓர் அங்குலம் என்பது 5 அடி. 28 மில்லிமீட்டர் பொம்மை ஒன்றை அந்தக் கணக்கில் அளந்தால் ஐந்தரை அடி மனிதன் வருவான். லேக் ஜெனீவா மணல்மேல் 45 அடிப் பூதமாக நின்றவன், இப்போது தன் உயரத்துக்குப் பொருந்திய தரையில் நின்றான்.

கட்டம் வந்ததும் அளவுகோலின் பழைய வரம் திரும்பியது. எட்டுமா எட்டாதா என்று நடுவரைக் கெஞ்ச வேண்டாம், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சதுரத்துக்கு அதன் வினை உண்டு. மூலைவிட்டமாக ஒரு கட்டம் போனால் உண்மையில் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவான தூரம், 1.41. இதற்காக முதல் மூலைவிட்டம் 5 அடி, அடுத்தது 10 அடி, மறுபடி 5 என்று எண்ணும் முறை 2003இன் திருத்தப் பதிப்பில் நிலைபெற்றது. அந்த எண்ணிக்கையில் 20 அடி ஆர ஃபயர்பாலை வரைந்தால் சரியாக 44 கட்டங்கள் எரியும். கன அடிப் பெருக்கல் முடிந்தது. அட்டையில் வெட்டிய வார்ப்பு ஒன்றைப் பலகைமேல் வைத்தால் போதும். நெருப்பு சுரங்கத்தில் வழிந்தோடுவதும் அதோடு நின்றுபோனது.

அந்தப் பதிப்பின் உயிர்நாடியான விதி ‘அட்டாக் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி’. ஒவ்வொரு வீரனும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் மிரட்டி நிற்கிறான். அந்தக் கட்டத்திலிருந்து கவனமில்லாமல் வெளியேறினாலோ, அங்கே நின்றபடி அம்பெய்தாலோ, மந்திரம் சொன்னாலோ அவனுக்கு ஓர் அடி இலவசம். 1979இல் ஓடுபவன் முதுகில் விழுந்த அடியும், ஜாக்சனின் முன்கட்டப் பிணைப்பும் இதன் முன்னோர்கள். இதன் அருமையைப் புரிந்துகொள்ள, முறை மாற்றி முறை ஆடும் ஆட்டத்தின் அடிப்படைக் குறையை நினைத்துப் பார்க்க வேண்டும். எதிரி நகரும்போது மற்ற எல்லோரும் சிலையாக நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் வாள்வீரனைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் இருக்கும் மந்திரவாதியை அவன் வெட்டலாம்; தடுக்க யாருக்கும் முறை இல்லை. இந்த விதி வாள்வீரனுக்குத் தன் முறைக்கு வெளியேயும் கை கொடுத்தது. காவல் நிற்பது என்ற சொல்லுக்கு ஆட்டத்தில் பொருள் வந்தது.

அதற்குக் கொடுத்த விலையும் பெரியது. அடி படாமல் விலக எளிய வழி, ஒரு சுற்றில் 5 அடி மட்டும் நகர்வது. அதோடு, அனுபவமிக்க வீரன் தன் எல்லா வீச்சுகளையும் வீச வேண்டுமானால் 5 அடிக்கு மேல் நகரக்கூடாது என்ற விதியும் சேர்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து, பலகை நிறையக் கட்டங்கள் இருந்தும் வீரர்கள் நின்ற இடத்திலேயே நின்று வெட்டிக்கொண்டார்கள். நகர்வுக்காக எழுதிய விதிகள் நகர்வைக் கொன்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

2008இன் நான்காம் பதிப்பு இதற்கு மருந்து தேடியது. தலைமை வடிவமைப்பாளர் ராப் ஹைன்சோ. தள்ளு, இழு, நகர்த்து என்று எதிரியின் இடத்தையே மாற்றும் திறமைகள் எல்லாப் பாத்திரங்களுக்கும் கிடைத்தன. மேசைமேல் பொம்மைகள் ஓயாமல் இடம் மாறின. தூரங்கள் எல்லாம் அடியை விட்டுக் கட்டக்கணக்குக்கு வந்தன. மூலைவிட்டமும் ஒன்றே என்று எண்ணியதால், வட்டம் சதுரமானது. ஃபயர்பால் இப்போது 7க்கு 7 கட்டம், மொத்தம் 49. பலகையில் வைக்க இதைவிட எளிதானது இல்லை. பலகை இல்லாமல் அந்தப் பதிப்பை ஆடுவதோ ஏறக்குறைய இயலாத காரியம். பிரவுன்ஸ்டைனில் மேசையை விட்டுப் போன களம், 39 ஆண்டுகளில் முழுவதுமாக மேசைக்கே திரும்பிவிட்டது.

அடுத்து நடந்ததை இந்தத் துறையின் வரலாற்றில் முக்கியமான திருப்பமாகக் கொள்ள வேண்டும். 2013இல் மூன்றாம் பதிப்பின் ட்வீட்டும் நான்காம் பதிப்பின் ஹைன்சோவும் சேர்ந்து ‘தேர்ட்டீன்த் ஏஜ்’ என்ற புதிய ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதில் கட்டம் கிடையாது. ஒருவரோடு ஒருவர் பிணைந்திருக்கலாம், பக்கத்தில் இருக்கலாம், தொலைவில் இருக்கலாம், அவ்வளவுதான். அதே ஆண்டு மான்ட்டி குக்கின் ‘நியூமெனேரா’வும் வந்தது. அதிலும் தூரம் மூன்றே: கைக்கெட்டும் தூரம், குறுந்தூரம், நெடுந்தூரம், முறையே 10, 50, 100 அடி வரை. கட்டத்தை மையமாக்கிய இரண்டு பதிப்புகளைச் செதுக்கிய கைகளில் மூன்று, ஒரே ஆண்டில் கட்டத்தைக் கைவிட்டன.

அவர்கள் கைவிட்டது கட்டத்தைத்தான், காவலை அல்ல என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். ‘தேர்ட்டீன்த் ஏஜ்’இல் யாரோடும் பிணையாமல் நிற்கும் வீரன், தன்னைத் தாண்டிப் போகும் எதிரியை இடைமறிக்கலாம். விலகுபவன்மேல் இலவச அடியும் உண்டு. எட்டுக் கட்டங்களால் சொன்னதை அவர்கள் ஒரே வாக்கியத்தால் சொன்னார்கள். ஃபயர்பாலும் மாறியது. அதன் விதியில் ஆரம் இல்லை, கட்டம் இல்லை. அருகில் கூட்டமாக நிற்கும் எதிரிகளில் ஒருவர் முதல் மூவர் வரை, பகடை சொல்லும் எண்ணிக்கைப்படி எரிவார்கள். துணிந்து கண்மூடி வீசினால் இன்னும் ஒருவர் முதல் மூவர். ஆனால் அவர்களோடு பிணைந்து நிற்கும் தோழர்களும் கருகலாம். 1978இல் சுரங்கத்தில் 165 அடி ஓடிவந்து எறிந்தவரையே எரித்த பயம், பெருக்கல் கணக்கு எதுவும் இல்லாமல் இங்கே மீண்டும் மேசைக்கு வந்தது. ஃபயர்பாலுக்கு எழுதப்பட்ட விதிகளில் இதுவே மிகச் சிறந்தது என்று துணிந்து சொல்லலாம்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே ‘ஃபேட்’ குடும்பத்து ஆட்டங்கள், குறிப்பாக 2006இன் ‘ஸ்பிரிட் ஆஃப் த செஞ்சுரி’, களத்தை மண்டலங்களாகப் பிரித்தன. வீட்டில் ஒருவர் எங்கே என்று கேட்டால் திண்ணையில், கூடத்தில், கொல்லையில் என்றுதான் பதில் வரும். எத்தனை அடியில் என்று வராது. மண்டலமும் அப்படித்தான். ஒரே மண்டலத்தில் இருப்பவர்கள் கைகலக்கலாம்; அடுத்த மண்டலத்தில் இருப்பவர்மேல் எறியலாம். இரண்டுக்கும் நடுவே சுவரோ வேலியோ இருந்தால் கடப்பதற்குத் தடை எண் ஒன்று. நான்கு வட்டங்களை ஒரு தாளில் கிறுக்கினால் களம் தயார். கப்பலின் மேல்தளம், எரியும் கிடங்கு, சந்தைத் தெரு போன்ற இடங்களுக்கு இது அற்புதமாகப் பொருந்துகிறது. வெட்டவெளியில் நூறு பேர் மோதினால் பொருந்துவதில்லை. வெட்டவெளிக்கு அறைகள் இல்லை.

2014இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு இரண்டு பக்கமும் கை நீட்டியது. தூரங்கள் மீண்டும் அடிக்கணக்கில் வந்தன. கட்டப்பலகை விருப்பப்பட்டால் மட்டும். இலவச அடிக்கு ஒரே காரணம் மிஞ்சியது: எதிரியின் எட்டத்தை விட்டு வெளியேறுவது. நகர்வைத் துண்டாக்கி, கொஞ்சம் போய், வெட்டி, மிச்சத்தைப் போகலாம் என்றும் வைத்தார்கள். இதனால் 2000த்தில் உறைந்துபோன கால்கள் இளகின. பலகை இல்லாமல் ஆடுபவர்களுக்காக நடுவர் நூலில் ஒரு சிறு பட்டியலும் இருந்தது. கோள வடிவ மந்திரம் என்றால் ஆரத்தை ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம். 20 அடி ஃபயர்பாலா? நான்கு பேர். 2 அங்குலமாகத் தொடங்கி, 33,000 கன அடியாக வழிந்து, 44 கட்டமாகவும் 49 கட்டமாகவும் உறைந்த நெருப்பு, நான்கு ஆட்களாக வந்து நின்றது.

2019இல் ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இலவச அடியை எல்லோரிடமிருந்தும் எடுத்து, வாள்வீரன் போன்ற சிலருக்கே உரிய திறமையாக்கியது. ஓர் எதிரி விலகும்போது அடிக்கிறானா இல்லையா என்பதே அவன் யார் என்ற தகவலாக மாறியது. 2023இல் கெல்சி டியோன் வெளியிட்ட ‘ஷேடோடார்க்’ கிட்டம், பக்கம், தொலைவு என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டது. 5 அடி, 30 அடி, அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டியவரை. பழைய நிலவறை ஆட்டத்தின் சுவையை விரும்பித் தேடும் அந்த ஆட்டத்தில், நிலவறை ஆட்டத்தோடு பிறந்த அங்குலத்துக்கு இடமில்லை.

இதுவரை பார்த்த விதிகள் எல்லாம் இருவர் ஒரே களத்தில் நின்று மோதுவதற்கானவை. ஒருவர் ஓட, மற்றவர் துரத்தத் தொடங்கினால் கட்டப்பலகை சில சுற்றுகளில் தீர்ந்துவிடும், மண்டலங்களும் தீர்ந்துவிடும். அவலான் ஹில்லின் துணை நிறுவனமான விக்டரி கேம்ஸ் 1983இல் வெளியிட்ட ‘ஜேம்ஸ் பாண்ட் 007’ ஆட்டம் இதற்கு வேறெங்கும் காணாத வழி ஒன்றைக் கண்டது. துரத்துபவரும் ஓடுபவரும் ஏலம் கேட்பார்கள். எவர் தன் வண்டிக்கு அதிக ஆபத்தை ஏற்கத் துணிகிறாரோ, முதலில் நகர்வது யார் என்று முடிவுசெய்யும் உரிமை அவருக்கு. ஜெரார்ட் கிறிஸ்டஃபர் க்ளூக் வடிவமைத்த அந்த ஏலத்திலிருந்து அடுத்த பகுதி தொடங்கும்.